நலம் விசாரிப்பும் விசாரணையும்: மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தனியார் நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம்.

இதை எங்கள் நிறுவனத்து எச்ஆருக்கு மட்டும் எழுதியிருக்கலாம். எழுதினேன். "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரி பதில் வந்தது, அத்தோடு சரி. அப்புறம் வேறு கம்பெனிகளில் இருக்கும் தோழிகளிடம் பேசிப் பார்த்தேன். ஒருத்தி சரவணம்பட்டியில் ஐடி கம்பெனி, ஒருத்தி திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம், இன்னொருத்தி சென்னையில் பிபிஓ. மூன்று பேர் சொன்ன கதையிலும் ஊர்தான் வேறு. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் கோவையில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 17 வருடமாக இருக்கிறேன். போன வருடம் எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. நார்க்கட்டி, ஓயாத ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிவிட்டது. ஐந்து வாரம் விடுப்பு. இந்த விவரத்தை இங்கே நானாகச் சொல்கிறேன், சொல்லத் தோன்றியதால் சொல்கிறேன். போன வருடம் அப்படி இல்லை.

எங்கள் விடுப்பு போர்ட்டலில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. குறைந்தது 20 எழுத்து அடித்தால்தான் விண்ணப்பம் போகும். 'உடல்நலமில்லை' என்று மட்டும் போட்டால் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரும். இந்த 20-ஐ யார் முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை. மென்பொருளை விற்றவர்கள் வைத்ததாக இருக்கும், நம் ஆட்கள் மாற்றத் தோன்றாமல் விட்டிருப்பார்கள். நான் 'அறுவை சிகிச்சை, மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்' என்று எழுதினேன். எழுத்துக் கணக்குக்கு அது போதும். ஆனால் மறுநாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. 'என்ன அறுவை சிகிச்சை என்று தெளிவாகக் குறிப்பிடவும்.'

அந்தக் கட்டத்தில் எழுதுவதை எத்தனை பேர் படிக்கிறார்கள் தெரியுமா? எங்கள் அலுவலகத்தில் மேலாளர், துறைத் தலைவர், எச்ஆரில் ஒருவர், சம்பளப் பட்டியல் போடும் பையன், ஆக நான்கு பேர். சம்பளம் போடும் பையனுக்கு என் மகனைவிட மூன்று வயதுதான் அதிகம். எத்தனை நாளுக்குச் சம்பளம், எத்தனை நாளுக்குப் பிடித்தம் என்பது தெரிந்தால் அவன் வேலை முடிந்துவிடும். என் கர்ப்பப்பை அவனுடைய எக்செல் தாளில் எந்த நெடுவரிசையில் வரும்?

எழுதிக் கொடுத்தேன். வேறு வழி? மருத்துவமனையில் தேதி குறித்தாகிவிட்டது.

அறுவை முடிந்து நான்காவது நாள் முதல் அழைப்பு வந்தது. அன்று 18-ஆம் தேதி. 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர வரிக் கணக்கைப் போட வேண்டும், ஜிஎஸ்டி தளத்தில் என் எண்தான் பதிவாகியிருக்கிறது, ஓடிபி எனக்குத்தான் வரும். "மேடம், ஒரு ஓடிபி மட்டும்" என்று என் உதவியாளர் தயங்கித் தயங்கிக் கேட்டாள். சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த அழைப்பு எனக்குக் கோபம் தரவே இல்லை. போகும் முன் எண்ணை மாற்றிக் கொடுக்காமல் போனது என் தப்பு. அது வேலை. வேலையைப் பற்றி வேலையிடத்திலிருந்து ஒரு கேள்வி. அது சரி.

அடுத்த அழைப்பு மேலாளரிடமிருந்து. "எப்படி இருக்கீங்க?" என்றுதான் ஆரம்பித்தார். நல்ல மனிதர், மோசமானவர் இல்லை. "ஓபன் சர்ஜரியா, லேப்ராஸ்கோபியா? லேப்ராஸ்கோபின்னா பத்து நாள்ல எந்திரிச்சுடலாமே. எங்க அண்ணிக்கு அப்படித்தான்." அடுத்த வாரம் எச்ஆரிடமிருந்து ஒரு பெண் அழைத்து டிஸ்சார்ஜ் சம்மரியை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார். மருத்துவச் சான்றிதழ் முன்பே கொடுத்திருந்தேன். "அது போதாது மேடம், ஃபைலுக்கு வேணும்" என்றார். டிஸ்சார்ஜ் சம்மரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வந்த காரணம், எத்தனை பிரசவம், கருச்சிதைவு உண்டா, கடைசி மாதவிடாய் எப்போது, சர்க்கரை உண்டா, வெளியே எடுத்த உறுப்பின் எடை என்ன என்பது வரை இருக்கும். அதைப் படம் எடுத்து, 24 வயதுப் பெண்ணின் சொந்த ஃபோன் எண்ணுக்கு அனுப்பினேன். அது இப்போது எந்த ஃபோனில், யாருடைய கேலரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

மூன்றாவது வாரம் நலம் விசாரிக்க வீட்டுக்கே வந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், மாதுளை. இரண்டு பேர் எச்ஆரிலிருந்து, ஒருவர் என் பிரிவிலிருந்து. வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் பத்து நிமிடத்துக்குள் நான் கட்டில் வரை எப்படி நடந்து போகிறேன் என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். என் மாமியார் காபி கொடுத்தபடியே, கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பாவம், வீட்டுக்கு வந்தவர்களிடம் மறைத்துப் பேச அவருக்குத் தெரியாது. கிளம்பும்போது ஒரு படம். நைட்டிக்கு மேல் துண்டு போட்டபடி நான், கையில் ஹார்லிக்ஸ். சாயங்காலம் 80 பேர் இருக்கும் அலுவலகக் குழுவில் அந்தப் படம் 'ஊழியர் நலன்' என்ற தலைப்போடு வந்தது. கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

திரும்பி வேலைக்குப் போன அன்று ஸ்டோர்ஸில் இருக்கும் அண்ணன், "கனமா எதையும் தூக்காதீங்கம்மா, உள்ளே தையல் விட்டுடும்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். நான் லிஃப்டுக்குள் போய் அழுதேன்.

நம் ஊரில் நலம் விசாரிக்காமல் இருப்பது மரியாதைக் குறைவு. படுத்திருப்பவரைப் போய்ப் பார்க்காவிட்டால் அது பத்து வருடம் கழித்துக்கூடப் பேச்சில் வரும். அதனால் 'ஊழியர் உடல்நிலையைப் பற்றி மூச்சே விடாதீர்கள்' என்று நான் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள், ஊழியர்களும் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் இதே நம் ஊரில்தான் அம்மை போட்டால் நோயின் பெயரைச் சொல்ல மாட்டோம். 'அம்மா வந்திருக்கா' என்போம். வாசலில் வேப்பிலை சொருகியிருக்கும். பார்ப்பவர் புரிந்துகொண்டு, உள்ளே வராமல், 'தண்ணி ஊத்தினதும் வர்றோம்' என்று வெளியிலிருந்தே சொல்லிவிட்டுப் போவார். எத்தனை கொப்புளம், எங்கெங்கே என்று யாரும் கேட்பதில்லை. எப்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பதுதான் வெளியே இருப்பவருக்கு வேண்டிய ஒரே தகவல். கிட்டத்தட்ட அதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

விசாரிப்பு, விசாரணை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். விசாரிப்பவருக்கு என் சம்பளத்தின் மேலும், இன்கிரிமென்டின் மேலும், வேலையின் மேலும் அதிகாரம் இருக்கும்போது அது விசாரணை ஆகிவிடுகிறது. அவர் எவ்வளவு கனிவாகக் கேட்டாலும் சரி. அண்டை வீட்டுக்காரரிடம் 'அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க' என்று பேச்சை மாற்றலாம். மேலாளரிடம் மாற்ற முடியாது.

இதனால் என்ன நடக்கிறது என்று உங்கள் பதிவேட்டையே எடுத்துப் பாருங்கள். உங்கள் ஊழியர்களுக்கு வருவது இரண்டே நோய், வைரல் ஃபீவர், ஃபுட் பாய்சன். மூலம் வராது, மனச்சோர்வு வராது, கரு கலைவதில்லை, வலிப்பு வருவதில்லை. ஏனென்றால் எங்கள் எல்லோருக்கும் தெரியும், சொன்னால் என்ன ஆகும் என்று. மூலத்துக்கு அறுவை செய்துகொண்டு வந்த ஒருவரின் நாற்காலியில் ரப்பர் வளையம் வைத்து மூன்று மாதம் சிரித்த அலுவலகம் எங்களுடையது. உண்மையைக் கேட்டுக் கேட்டு நீங்கள் சேர்த்து வைத்திருப்பதெல்லாம் பொய்தான்.

வலிப்பு என்று எழுதினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த மடலில் நான் பாதிக்கப்பட்டவள் மட்டும்தான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஏழெட்டு வருடம் முன்பு என் பிரிவில் ஒரு தம்பி வேலை பார்த்தான். மார்ச் கடைசி வாரம், வருடக் கணக்கு முடிக்கிற நேரம், திடீரென்று நான்கு நாள் வரவில்லை. 'ஃபுட் பாய்சன்' என்று மெசேஜ். நான் நம்பவில்லை. மார்ச் மாதத்தில் கணக்குப் பிரிவில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் நான் நம்ப மாட்டேன், அப்படி ஒரு ஆள் நான். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது நாள், "டாக்டர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு" என்றேன். அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தேன். மருந்தின் பெயரை கூகுளில் போட்டேன். வயிற்றுக்கான மாத்திரை இல்லை, வலிப்புக்கானது.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். மேலாளரிடம் சொன்னேன். 'வெளியூர் ஸ்டாக் ஆடிட்டுக்கெல்லாம் அனுப்புறோமே, தனியா இருக்கும்போது ஏதாவது ஆயிட்டா?' என்று, அக்கறையாகத்தான். அதற்கப்புறம் அவனை எந்த வெளியூர் வேலைக்கும் அனுப்பவில்லை. வெளியூர் படிதான் அவன் சம்பளத்தில் கணிசமான பகுதி. யாரும் அவனிடம் காரணம் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்ததாகச் சொல்லிப் போய்விட்டான். நான்தான் சொன்னேன் என்று அவனுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. போகிற அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தான், எனக்கும்.

அவனுடைய மருத்துவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? இரவில் தூக்கம் கெடக் கூடாது, தனியாக வண்டி ஓட்ட வேண்டாம், மற்றபடி எல்லா வேலையும் செய்யலாம் என்று சொல்லியிருக்கலாம். பேருந்தில் போய் ஸ்டாக் எண்ணிவிட்டு வந்திருப்பான். ஒரு மாத்திரையின் பெயரை வைத்துக்கொண்டு கணக்குப் பிரிவில் இருந்த நான் மருத்துவர் வேலை பார்த்தேன். உங்கள் மேலாளர்களும் தினமும் அதைத்தான் பார்க்கிறார்கள். லேப்ராஸ்கோபிக்குப் பத்து நாள் போதும் என்று என் மேலாளருக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த மருத்துவக் கல்லூரி?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். படித்துப் பார்த்தேன். படிக்க ஐந்து வாரம் இருந்ததே.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு என்கிறது. அதற்கு அது சொல்லும் காரணம் ஏதேனும் நோய், அல்லது விபத்து. அவ்வளவுதான். அப்புறம் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். 1948-இல் எழுதிய அந்தச் சட்டத்தின் அமைப்பைப் பார்த்தால் ஆச்சரியமாக இருந்தது. சான்றிதழ் கொடுப்பது ஈஎஸ்ஐ மருத்துவர், பணம் கொடுப்பது ஈஎஸ்ஐ கிளை அலுவலகம். முதலாளியிடம் அவர்கள் சரிபார்ப்பது 'இந்த நாட்களில் இவர் வேலைக்கு வரவில்லைதானே' என்பதைத்தான். நோய்ப் பணம் வாங்கும் காலத்தில் ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 73-ஆம் பிரிவில் எழுதியும் வைத்தார்கள். ஆக, முதலாளிக்கும் நோய்க்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவரை உட்கார வைக்கலாம் என்ற யோசனை நமக்குப் புதிது இல்லை. திருப்பூரில் ஓவர்லாக் தையல் மெஷினில் வேலை பார்க்கும் அக்காவுக்கு இருக்கும் இந்த ஏற்பாடு, 21,000 ரூபாயைத் தாண்டியதும் போய்விடுகிறது. அதற்கு மேல் நாங்கள் உங்கள் கருணையில்தான்.

இன்னொன்று, 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த எல்ஐசி வழக்கு. தகுதிகாண் காலத்தில் பிரசவ விடுப்பு எடுத்த ஒரு பெண்ணை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். சேரும்போது எழுதிக் கொடுத்த படிவத்தில் கடைசி மாதவிடாய் தேதியைத் தவறாகச் சொன்னார் என்பது நிறுவனத்தின் வாதம். அந்தப் படிவத்தில் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வலி உண்டா, எத்தனை முறை கருவுற்றார், கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. இப்படிக் கேட்பது கூச்சப்பட வைப்பது, அவமானம் என்றே சொல்லலாம் என்று கூறிய நீதிமன்றம், அந்தக் கட்டங்களை நீக்கச் சொல்லி, அவரை மறுபடி வேலையில் சேர்க்கவும் உத்தரவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் கட்டங்கள் எங்கேயும் போகவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரிக்குள் மறைந்து உட்கார்ந்துகொண்டு உங்கள் ஃபைலுக்கு வந்து சேர்கின்றன.

மற்றபடி சட்டம் எங்களுக்குப் பெரிய துணை என்று சொல்ல மாட்டேன். எச்ஐவி பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் தெளிவாக இருக்கிறது. தன் நிலையைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. 2011-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்நலம், மனநலம், மருத்துவப் பதிவுகள் எல்லாவற்றையும் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய தகவலாகத் தனியே வைத்தன. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகையே கிடையாது. வேலை சார்ந்த நோக்கங்களுக்கு ஊழியரின் தரவை ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்தவும் அதன் 7-ஆம் பிரிவு இடம் விடுகிறது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் பின்னிணைப்பில் இருக்கும் விடுப்புச் சான்றிதழ் மாதிரியிலேயே 'இன்ன நோயால் அவதிப்படுகிறார்' என்று நிரப்ப ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டை எடுத்துவிட்டு நாட்களை மட்டும் எழுதினால் சான்றிதழில் எது குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை. நம் ஊர் கிளினிக்கில் மருத்துவரே "என்ன போட்டுத் தரட்டும்?" என்று நம்மிடம்தான் கேட்பார். அந்தக் கோட்டின் மதிப்பு அவ்வளவுதான்.

என் சித்தி பையன் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறான். படுக்கையில் கிடந்தபோது அவனிடம் புலம்பினேன். அவன் போன வருடம் ஆறு வாரம் முதுகு வலியில் இருந்திருக்கிறான். அவனுடைய மேலாளருக்கு அது முதுகு என்றே தெரியாதாம். அங்கே முதலாளி என்ன நோய் என்றோ ஏன் வந்தது என்றோ கேட்கக் கூடாது. எந்த எண்ணில் பிடிக்கலாம், எங்கே தங்கியிருக்கிறீர்கள், தோராயமாக எத்தனை நாள், கையில் இருக்கும் வேலைகள் என்னென்ன, வேலையிடத்து விபத்தால் வந்ததா என்பது போன்ற சில கேள்விகள்தான். மருத்துவ விஷயமெல்லாம் நிறுவன மருத்துவரோடு. அவரும் மேலாளரிடம் 'இந்த வேலை முடியும், இது முடியாது, இத்தனை நாள்' என்று மட்டுமே சொல்வார். ஊழியராகவே வாய்விட்டுச் சொன்னாலும் மேலாளர் அதைக் குறித்து வைக்கக் கூடாது. சம்பளம் கொடுப்பவரிடம் தரும் சம்மதத்தை உண்மையான சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அங்கே நினைக்கிறார்கள்.

அவர்கள் பணக்கார நாடு, நமக்கு ஒத்துவராது என்று உடனே சொல்லாதீர்கள். அங்கே முதலாளி இரண்டு வருடம் வரை, குறைந்தது 70 சதவீதச் சம்பளம் கொடுக்க வேண்டும். உங்களைவிட அவருக்கு நஷ்டம் பல மடங்கு. அவருக்கே நோயின் பெயர் தேவைப்படவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள், அங்கே தொடர்புகொள்வதைத் தடுக்கவில்லை. ஆறாவது வாரத்துக்குள் மருத்துவரின் மதிப்பீடு, எட்டாவது வாரத்துக்குள் எப்படித் திரும்பி வருவது என்று இருவரும் சேர்ந்து ஒரு திட்டம், அப்புறம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பேச்சு. உங்களைவிட அதிகமாகவே பேசுகிறார்கள். பேச்சு வேலையைப் பற்றியது.

ஜெர்மனியில் 2023-லிருந்து ஊழியர் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பழக்கமே மாறிவிட்டது. அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு மருத்துவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னணு முறையில் அனுப்புகிறார், முதலாளி அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார். முதலாளிக்குக் கிடைப்பது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது போன்ற விவரம்தான், நோயின் பெயர் இல்லை.

அதே ஜெர்மனியில்தான் எச்&எம் துணிக் கடை நிறுவனத்தின் கதையும் நடந்தது. நியூரம்பெர்க்கில் இருந்த அவர்களுடைய சேவை மையத்தில், விடுப்பு முடிந்து வருகிறவர்களை மேலாளர்கள் உட்கார வைத்து 'வாங்க, எப்படி இருக்கீங்க' என்று பேசுவார்கள். உடம்பு சரியில்லாமல் இருந்தவர்கள் அறிகுறிகளையும் நோயையும் சொல்வார்கள். பேச்சு முடிந்ததும் மேலாளர் கணினியில் ஏற்றிவிடுவார். குடும்பப் பிரச்சினை, மத நம்பிக்கை வரை ஏறியது. 50 மேலாளர்கள் வரை அதைப் படிக்க முடிந்தது. 2019 அக்டோபரில் கணினி அமைப்பில் நேர்ந்த ஒரு பிழையால் சில மணி நேரம் நிறுவனம் முழுவதும் அந்தப் பதிவுகள் திறந்து கிடந்தன. அப்போதுதான் வெளியே தெரிந்தது. 2020-இல் ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையர் விதித்த அபராதம் 3.53 கோடி யூரோ.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஹார்லிக்ஸ் பாட்டில்தான் ஞாபகம் வந்தது. அந்த மேலாளர்கள் எல்லோரும் கெட்டவர்களாகவா இருந்திருப்பார்கள்? பாதிப் பேர் உண்மையிலேயே அக்கறையாகக் கேட்டிருப்பார்கள். கேட்டதை எழுதி வைத்ததில்தான் எல்லாம் கெட்டுப்போய்விட்டது.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. பொய்ச் சான்றிதழ். சில நூறு ரூபாய் கொடுத்தால் எந்தத் தேதிக்கும் எழுதித் தரும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், எங்களுக்கும் தெரியும். தீபாவளிக்கு மறுநாள் பாதி அலுவலகத்துக்குக் காய்ச்சல் வருவதும் தெரியும். ஆனால் அந்தச் சந்தையை வளர்த்ததில் உங்களுக்குப் பங்கே இல்லையா? இரண்டு நாள் சளிக் காய்ச்சலுக்குக் கஞ்சி குடித்துப் படுத்தால் போதும். அதற்கும் சான்றிதழ் கேட்டால், காய்ச்சலோடு ஒருவர் கிளினிக் வாசலில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் விலைக்கு வாங்க வேண்டும். மேலும், பொய் சொல்கிறவருக்கு நோயின் பெயர் கேட்பது ஒரு தடையே இல்லை. அவர் எந்தப் பெயரையும் சரளமாகச் சொல்வார். தடுமாறுவது நிஜமாகவே படுத்திருப்பவர்தான்.

சந்தேகம் இருந்தால் சந்தேகத்தைத் தீர்க்க வழி வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் முதலாளி ஒரு மருத்துவரை வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் அந்த மருத்துவர் முதலாளியிடம் 'விடுப்பு நியாயம்' அல்லது 'நியாயமில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்வார். நம் ஊரிலும் கொஞ்சம் பெரிய நிறுவனங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போகும் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவரை இப்போது ரத்த அழுத்தம் பார்க்க மட்டும்தான் வைத்திருக்கிறீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை அவர் பார்க்கட்டும், பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தரட்டும். உங்களுக்கு அவர் கொடுக்கும் தாளில் நாட்களும், என்னால் செய்ய முடியாத வேலைகளும் மட்டும் இருக்கட்டும்.

சில நேரம் விவரம் தெரிந்தே ஆக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். கேன்டீனில் சமைப்பவருக்கு மஞ்சள் காமாலை என்றால் மற்றவர்களுக்காகக் கேட்கத்தான் வேண்டும். கர்ப்பத்தால் வரும் உடல்நலக் குறைவுக்குச் சட்டப்படி ஒரு மாதம் கூடுதல் விடுப்பு உண்டு, அதைக் கேட்கிறவர் ஆதாரம் காட்டத்தான் வேண்டும். அங்கெல்லாம் கேளுங்கள். ஒருவரிடம் கேளுங்கள், ஒருவர் வைத்திருங்கள். வாட்ஸப் குழுவில் போடாதீர்கள்.

குழுக் காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இதுதான் பெரிய ஓட்டை, யாரும் பேசுவதில்லை. செலவுத் தொகையைத் திரும்ப வாங்க எல்லா மருத்துவத் தாள்களையும் எச்ஆர் மேசையில்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. என் தாள்கள் மூன்று நாள் ஒரு பிளாஸ்டிக் கோப்பில், அந்த மேசையின் மேல், எல்லோரும் கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருந்தன. மனைவியின், குழந்தையின், வயதான அப்பா அம்மாவின் தாள்கள்கூட இப்படித்தான் வருகின்றன. அவர்கள் உங்கள் ஊழியர்கள்கூட இல்லை. ஊழியர் நேரடியாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வழி செய்யுங்கள், முடியாவிட்டால் ஒட்டிய உறையில் வாங்குங்கள். உறை ஒன்றுக்கு இரண்டு ரூபாய் ஆகுமா?

மேலாளர்களுக்கும் ஒன்று சொல்லிக் கொடுங்கள், ஏனென்றால் அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. படுத்திருப்பவரை அழைக்கும்போது கேட்க வேண்டியவை உண்டு. எப்போது வருவீர்கள் என்று நினைக்கிறீர்கள்? கையில் இருந்த வேலையை யாரிடம் கொடுக்கலாம்? நாங்கள் கூப்பிடட்டுமா, நீங்களே கூப்பிடுகிறீர்களா, எத்தனை நாளுக்கு ஒருமுறை? திரும்பி வரும்போது நாற்காலியோ நேரமோ மாற்ற வேண்டியிருக்குமா? இதைக் கேட்டுவிட்டு 'உடம்பைப் பார்த்துக்கோங்க' என்று வைத்துவிடலாம். அந்தக் கடைசி வரிக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஊழியராகவே மனம் விட்டுச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள், மனிதர்கள்தானே. கேட்டுவிட்டு மறந்துவிடுங்கள். எனக்கு அது அன்று முடியவில்லை. உங்களுக்கு முடிய வேண்டும்.

வீட்டுக்கு வருவதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. முதல் நாள் ஒரு மெசேஜ் போட்டு 'வரலாமா' என்று கேட்டுவிட்டு வாருங்கள். எச்ஆரை அனுப்பாமல் நண்பர்களை அனுப்புங்கள். கேமரா வேண்டாம்.

தொழிலாளர் நலத் துறை இதைப் படித்தால், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2021-இல் திருத்தி, நாள் முழுக்க நின்ற கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வாங்கிக் கொடுத்தவர்கள் நீங்கள். விடுப்புக்கு நாள் போதும், நோயின் பெயர் வேண்டாம் என்று ஒரு வரி அதே சட்டத்தில் சேர்ப்பது அதைவிடக் கடினம் இல்லை. இருக்கைக்காவது கடைக்காரர் காசு செலவழிக்க வேண்டியிருந்தது.

எனக்கு அடுத்த மாதம் மறுபடி ஒரு ஸ்கேன், இரண்டு நாள் விடுப்பு வேண்டும். போர்ட்டலைத் திறந்து பார்த்தேன், கட்டம் அப்படியேதான் இருக்கிறது. இந்த முறை 'உடல்நலம்' என்று மட்டும் எழுதப்போகிறேன். மீதி எழுத்துக்குப் புள்ளி வைப்பேன். மென்பொருள் புள்ளியையும் எழுத்தாகத்தான் எண்ணுகிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு கணக்குப் பிரிவு ஊழியர்